‘மருமகன்’ என்று எழுதியவருக்கு

என் அன்புக்கும் நன்றிக்கும் உரிய நாகமுத்து மாமி,

முறைப்படி பார்த்தால் நான் உங்களை மாமி என்று கூப்பிடக் கூடாது. நீங்கள் என் பூட்டனுக்கு, அதாவது என் அப்பாவின் அப்பப்பாவுக்கு மாமி. பூட்டனின் மாமியை என்ன சொல்லி அழைப்பது என்று வீட்டில் எல்லோரையும் கேட்டுப் பார்த்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை. அதனால் பூட்டன் கூப்பிட்ட சொல்லையே நானும் எடுத்துக்கொண்டேன். கோபிக்க மாட்டீர்கள்தானே?

என் பெயர் ஆரபி. உரும்பிராயில் நீங்கள் இருந்த அதே வீட்டு வளவில்தான் நாங்களும் இருக்கிறோம். பத்தாம் ஆண்டு படிக்கிறேன். இந்தக் கடிதம் எங்கள் பாடசாலை மலரில் வரப்போகிறது. ஆகவே மற்றவர்களும் இதை வாசிப்பார்கள். உங்களிடம் ஒரு மன்னிப்பும் நிறைய நன்றியும் சொல்ல இருக்கிறது. மன்னிப்பை முதலில் கேட்டுவிடுகிறேன்.

நீங்கள் நாடகம் எழுதிய கொப்பியில் ஒரு சொல்லைப் பிழை என்று நினைத்துத் திருத்தியவள் நான்தான்.

கொப்பி இப்போதும் இருக்கிறது மாமி. பெரியப்பாவின் அலுமாரியில் இருக்கிறது. சண்டைக் காலத்தில் வீட்டை விட்டுப் போனபோது பெரியம்மா அதைத் தன் கூறைச் சேலைக்குள் சுற்றிச் சாவகச்சேரிக்குக் கொண்டுபோய், திரும்பவும் கொண்டுவந்து சேர்த்தார். முன் மட்டையைக் கறையான் தின்றுவிட்டது. ஆனால் முதல் தாளில் ‘கிணற்றுப் பங்கு, நாகமுத்து எழுதியது’ என்ற வரி கறுப்பு மையில் அப்படியே நிற்கிறது.

அதை முதல்முறை வாசித்தபோது எனக்கு நம்ப முடியவில்லை. ராசாவும் இல்லை, தேவரும் இல்லை. ஒரு தோட்டக் கிணறு, அதில் பங்கு கேட்டு வழக்காடும் அண்ணன் தம்பி, நடுவில் அவர்களுடைய அக்கா வள்ளிப்பிள்ளை. கடைசிக் காட்சியில் அவள் துலாக் கயிற்றைப் பிடித்தபடி, “இறைத்தவள் நான், பங்கு கேட்பவர்கள் நீங்கள்” என்கிறாள். எங்கள் ஊரில் இன்றைக்கும் கிணற்றுப் பங்கால் முகம் பார்க்காத குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் முன்னாலேயே இதை ஆடி, அவர்களையே எப்படிச் சிரிக்க வைத்தீர்கள்?

எங்கள் நாடக ரீச்சருக்கும் அது பிடித்துவிட்டது. வலய மட்டப் போட்டிக்கு அதையே போடுவதென்று முடிவாயிற்று. கொப்பியைக் கணினியில் அடிக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. எனக்கு ஒரு கெட்ட பழக்கம் இருக்கிறது மாமி. கடைப் பலகையில் ஒரு ஒற்று விடுபட்டிருந்தாலும் நின்று பார்ப்பேன். பிழை கண்டுபிடித்தால் அன்று முழுவதும் சந்தோசம்.

கடைசித் தாளில் நீங்கள் இப்படி எழுதியிருந்தீர்கள்: ‘இந்தக் கொப்பியை என் தம்பி கந்தையாவின் மகன், என் மருமகன் சிவகுருவுக்குக் கொடுக்கிறேன்.’

சிவகுரு என் பூட்டன் என்று எனக்குத் தெரியும். ஆனால் ஓர் ஆணுக்குத் தம்பியின் மகன் எப்படி மருமகன் ஆவான்? பெறாமகன் அல்லவா? பெறாத மகன், ஆனாலும் மகன் என்றுதான் எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். நாகமுத்தர் அவசரத்தில் எழுதிவிட்டார் என்று நினைத்தேன். கொப்பியில் ‘மருமகன்’ என்பதன் மேல் பென்சிலால் மெல்லிய கோடு போட்டேன். கணினியில் ‘பெறாமகன்’ என்று அடித்தேன்.

ஏனென்றால் எங்கள் வீட்டுக் கதைகளில் நீங்கள் ஓர் ஆண்.

நாகமுத்தர். பெண்கள் மேடை ஏறாத காலத்தில், பெண் வேடம் கட்டிய ஆண்களுக்குள் அவரை வெல்ல ஆளில்லை. அப்படித்தான் பெரியப்பா சொல்வார். மற்ற நடிகர்களோடு இருந்து ஒப்பனை செய்யமாட்டாராம். கட்டிய சேலையை வீடு போய்ச் சேரும்வரை களையமாட்டாராம். கந்தையர் அவரையும் ஆர்மோனியத்தையும் மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, ஆட்டம் முடிந்ததும் அப்படியே ஏற்றிக்கொண்டு போய்விடுவாராம். “தொழில் பக்தி எண்டால் அதுதான்” என்பார் பெரியப்பா. நெல்லியடியில் ஒருவர் எழுந்து நின்று, “எங்கடை பொம்பிளையள் உந்தாளிட்டை நடக்கப் பழக வேணும்” என்று சொன்னதாகவும் ஒரு கதை உண்டு.

அன்றைக்கு வண்டிக்குள் இருந்து நீங்களும் தம்பியும் எவ்வளவு சிரித்திருப்பீர்கள்?

உங்களைக் கண்டுபிடித்தது நான் என்று சொல்ல ஆசைதான். ஆனால் உண்மை வேறு. நிரோஜா என் வகுப்புத் தோழி, எங்கள் நாடகத்தில் வள்ளிப்பிள்ளை. எங்களுடையது பெண்கள் பாடசாலை. அதனால் பசை பூசி ஒட்டிய மீசையோடு மூத்த தம்பியாக வருபவள் நான். ஒருநாள் பின்னேரம், ஒத்திகை முடிந்து மருதனார்மடத்தில் பஸ்ஸுக்கு நின்றோம். கொப்பியில் பிடித்த பிழையைப் பற்றி அவளிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் கச்சான் கடலை உடைத்துத் தின்றுகொண்டிருந்தாள்.

“தம்பின்ரை மகனை ஆம்பிளை ஒராள் மருமகன் எண்டு சொல்லுவாரே?” என்று கேட்டேன்.

“அப்ப அந்தாள் ஆம்பிளை இல்லையாக்கும்” என்றாள் அவள், கையிலிருந்த கச்சான் கோதை ஊதிவிட்டு.

இரண்டு பேரும் சிரித்தோம். பஸ் வந்தது. அவள் ஏறிவிட்டாள். மிதிபலகையில் நின்று, “வாறியோ இல்லையோ, விசரி” என்று அவள் கத்தியது கேட்டது. பஸ் போய்விட்டது. நான் அங்கேயே நின்றேன்.

ஒரு பெண்ணுக்குத்தான் தம்பியின் மகன் மருமகன்.

வீட்டுக்கு வந்ததும் கொப்பியை மறுபடியும் விரித்தேன். ஓரங்களில் நீங்கள் பென்சிலால் எழுதிய குறிப்புகளை அதுவரை வாசித்திருந்தேனே தவிர, கவனித்திருக்கவில்லை. ‘மருதனார்மடம்: இரண்டாம் பாட்டைத் திரும்பக் கேட்டார்கள். நெல்லியடி: மழை, பாதியில் விட்டோம். சாவகச்சேரி: கந்தையா சுருதியைக் கூட்டிவிட்டான், எனக்குத் தொண்டை நொந்தது.’ இத்தனை ஊர்களில் உரும்பிராய் இல்லை. உங்கள் முகம் தெரிந்தவர்கள் இருந்த ஊரில் நீங்கள் ஒருதரமும் ஆடவில்லை. கொப்பி முழுவதும் தேடினேன், எல்லா இடத்திலும் ‘நான்’, ‘எனக்கு’ என்றுதான் இருந்தது. நான் என்று எழுதினால் எழுதுவது ஆணா பெண்ணா என்று தமிழில் தெரியாது. ‘மருமகன்’ என்ற ஒரு சொல் மட்டும்தான் சொல்லிவிட்டது. அதைத்தான் நான் வெட்டியிருந்தேன்.

வீட்டில் இன்னொரு கதையும் உண்டு. தாயில்லாத பூட்டனைப் பாட்டுக் கட்டிச் சோறு தீத்தி வளர்த்த பிள்ளை மாமியின் கதை. பிள்ளை என்பது வீட்டுப் பெயர். பதிவுப் பெயர் என்ன என்று ஒருவரும் கேட்டதில்லை. நாகமுத்தரும் பிள்ளை மாமியும் ஒரே வளவில், இரண்டு கதைகளுக்குள், ஒருவரை ஒருவர் சந்திக்காமலே இருந்திருக்கிறார்கள்.

பெரியப்பா அப்போது தோட்டத்தில் பிடுங்கிய வெங்காயத்தைப் பிடி பிடியாகக் கட்டிக்கொண்டிருந்தார். கந்தையருக்கு எத்தனை சகோதரங்கள் என்று கேட்டேன். ஓர் அக்கா, பிள்ளை மாமி, வேறு ஒருவரும் இல்லை என்றார். அப்படியென்றால் நாகமுத்தர் யார் என்று கேட்டேன்.

“ஒண்டைவிட்ட தமையனாக்கும்” என்றார்.

கடைசித் தாளைக் காட்டினேன். என் பென்சில் கோட்டையும் சேர்த்துத்தான். நெடுநேரம் பார்த்தார். கைவிரலில் இருந்த செம்மண் தாளில் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டார். பிறகு கொப்பியை என்னிடம் தந்துவிட்டு, இதை ஒருவருக்கும் சொல்ல வேண்டாம் என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. போட்டி நிகழ்ச்சி நிரல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதில் ‘எழுதியவர்: திரு. நாகமுத்து’ என்று ஏற்கெனவே போட்டுவிட்டார்கள். கொப்பிக்கு உரியவர் அனுமதிப் படிவத்தில் எழுதித் தந்தால் மாற்றலாம், இல்லாவிட்டால் முடியாது என்று ரீச்சர் சொல்லியிருந்தார். உரியவர் பெரியப்பா. இப்போது மாற்றாவிட்டால் அச்சிலும் நீங்கள் ஆணாகிவிடுவீர்கள். அதன் பிறகு யார் வந்து கொப்பியின் கடைசித் தாளைத் தேடப்போகிறார்கள்?

“ஊர் என்ன சொல்லும் எண்டோ பெரியப்பா?” என்று கேட்டேன்.

“ஊர் கிடக்கட்டும். அவர் ஒளிச்சு வைச்சதை நீ ஏன் எடுத்துச் சொல்லோணும்? உன்னட்டைச் சொல்லச் சொன்னவரே?”

எங்கள் பேச்சில் மதிப்பான பெண்ணை ‘அவ’ என்போம். பெரியப்பா அப்போதும் ‘அவர்’ என்றுதான் சொன்னார். ஆனால் அந்தக் கேள்வி நியாயமானதுதான். உண்மையாகவே, உங்களிடம் ஒருவரும் கேட்கவில்லையே. நீங்கள் பயத்தில் ஒளித்தீர்களா, விளையாட்டாகவா? கைதட்டு வேண்டும், பெயர் வேண்டாம் என்று நினைத்தீர்களா? அடுத்த நாள் ஒத்திகையில் என் மீசையை ஒட்டும்போதும் அதையே யோசித்தேன். எனக்கு மீசை வைத்தால் எல்லோரும் சிரிக்கிறார்கள். நீங்கள் உங்கள் சொந்த முகத்தோடு போய் நின்றீர்கள். அதை வேடம் என்று சொல்லித்தான் உங்களை மேடையில் நிற்க விட்டார்கள்.

புதன்கிழமை பின்னேரம் மறுபடியும் தோட்டத்துக்குப் போனேன். முழுவதும் ஒளிக்க நினைத்திருந்தால் ‘பெறாமகன்’ என்று எழுதியிருக்கலாமே என்று பெரியப்பாவிடம் கேட்டேன்.

“எல்லாருக்கும் நடிச்சவ, மருமகனுக்கு மட்டும் நடிக்கேல்லைப் பெரியப்பா.”

அவர் கையிலிருந்த வெங்காயப் பிடியைக் கட்டி முடித்தார். எழுந்து வாய்க்காலில் கை கழுவிவிட்டு வீட்டுப் பக்கம் போய்விட்டார். நான் தோற்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

வியாழன் காலையில் புத்தகப் பைக்குள் நிரப்பிய அனுமதிப் படிவம் இருந்தது. பெரியப்பாவின் வட்டமான கையெழுத்து. எழுதியவருடன் உறவு என்ற இடத்தில் ‘எங்கள் அப்பப்பாவின் பெரியப்பா’ என்று முதலில் எழுதியிருந்தார். பிறகு ‘பெரியப்பா’ என்பதை வெட்டி, பக்கத்தில் ‘மாமி’ என்று எழுதியிருந்தார்.

நானும் ஒரு சொல்லை வெட்டினேன், அவரும் ஒரு சொல்லை வெட்டினார். அவர் வெட்டியதுதான் சரி.

போட்டி நாள் காலையில் மண்டபம் நிறைந்திருந்தது. நிகழ்ச்சி நிரலில் உங்கள் பெயருக்கு முன்னால் என்ன போடுவது, திருமதியா செல்வியா என்று ரீச்சர் கேட்டிருந்தார். ஒன்றும் வேண்டாம், ஊரைப் போடுங்கள் என்று சொன்னேன். ஒலிபெருக்கியில் வாசித்தார்கள்: “எழுதியவர், உரும்பிராயைச் சேர்ந்த நாடக நடிகை நாகமுத்து.” நடிகை! திரைக்குப் பின்னால் நிரோஜா என் கையை நோகக் கிள்ளினாள். வழக்காடும் காட்சியில் என் மீசை ஒரு பக்கம் கழன்று தொங்கியது. சபை சிரித்தது. நான் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டே கிணற்றில் முக்கால் பங்கு கேட்டேன். இன்னும் சிரித்தார்கள். பிறகு நிரோஜா துலாக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உங்கள் வரியைச் சொன்னாள். ஒரு கதிரைகூட அசையவில்லை.

இரண்டாம் இடம் கிடைத்தது. முதலிடம் கிடைத்திருந்தால் நல்லது, ஆனாலும் எனக்குக் கவலையில்லை.

பெரியப்பா பின் வரிசையில் இருந்தார். வெளியே வந்தபோது சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாடகம் எப்படி என்று நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

“அவ நல்ல பகிடியா எழுதியிருக்கிறா.”

எத்தனையோ வருடமாக அப்படியே சொல்லி வந்தவர் போலச் சொன்னார். சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

மாமி, நீங்கள் வண்டியில் போய்ப் போய் ஆடியதால் நான் பஸ்ஸில் போய் ஆடுகிறேன். நீங்கள் ஒரு கிணற்றை வைத்து எழுதியதால், எங்கள் வளவுக் கதைகளையும் எழுதலாம் என்று எனக்குத் துணிவு வந்திருக்கிறது. பெரியம்மா இப்போது இரண்டு கதைகளையும் ஒன்றாக்கிச் சொல்லப் பழகுகிறார். இடையில் குழம்பி, “நாகமுத்தர் பிள்ளையைத் தாலாட்டினவர்” என்கிறார். எல்லோரும் சிரிக்கிறோம். அதற்கும் நன்றி.

கொப்பியில் என் பென்சில் கோட்டை அழித்துவிட்டேன். தாள் கிழியாமல் மெல்ல மெல்ல அழித்தேன். கணினியிலும் ‘மருமகன்’ என்று திரும்ப அடித்துவிட்டேன். இனி ஒரு சொல் பிழையாகத் தெரிந்தால், அதை எழுதியவர் யாராக இருந்திருப்பார் என்று முதலில் யோசிப்பேன். இது ஒரு வாக்கு.

இன்னொன்றும் இருக்கிறது. தைப்பொங்கல் கழிய உரும்பிராயில், எங்கள் கோயில் மண்டபத்தில், ‘கிணற்றுப் பங்கு’ ஆடப்போகிறோம். ஆடி முடித்ததும் உங்கள் கொப்பியின் ஓரத்தில் மிச்சமிருக்கும் இடத்தில், உங்களைப் போலவே பென்சிலால், ‘உரும்பிராய்’ என்று எழுதி, சபை என்ன சொன்னது என்பதையும் பக்கத்தில் குறித்து வைப்பேன்.

உங்கள் மருமகன் சிவகுருவின் பூட்டப்பிள்ளை,
ஆரபி