வலை போடாத இடம்

பருத்தித்துறை முனை
2024 செப்ரெம்பர் 8

அன்புள்ள சிசிலியா அண்ணிக்கு,

நீங்களும் மகள் நிரோஜினியும் உடுவிலில் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். போனில் சொல்ல நாக்கு எழும்பவில்லை, அதனால் எழுதுகிறேன்.

பழைய கடற்படைக் கப்பல் ஒன்றை எங்கள் கடலில் மூழ்கடிக்கப் போகிறார்கள். முப்பத்தைந்து வருடம் கடற்கண்ணிவெடி அகற்றிய கப்பல். இனித் தண்ணீருக்கடியில் சுழியோடிப் பார்க்க வருகிறவர்களுக்காம். "வலை போடாத இடம் எது?" என்று கேட்டார்கள். மீனவர் சங்கச் செயலாளர் நான்தானே, வரைபடத்தில் விரலை வைத்துக் கையெழுத்தும் போட்டேன். வீட்டுக்கு வந்து சொன்னதும் மனைவி மேர்சி, "ஐயோ, அது அண்ணை செத்த இடமெல்லே!" என்று தலையிலடித்தாள். அண்ணைக்காகத்தான் ஊரே அங்கே வலை போடுவதில்லை. இருபத்தொரு வருடம் சுற்றிப் போய்ப் பழகி, ஏனென்பதே மறந்துவிட்டது.

ஜெறோம்

உடுவில்
செப்ரெம்பர் 14

ஜெறோம்,

உன்னைச் சுகம் கேட்க மனமில்லை. கண்ணிவெடியில் படகு சிதறி அவருடைய ஒரு துண்டும் கரைக்கு வரவில்லை. மற்றவர்களுக்குச் சேமக்காலையில் கல்லறை இருக்கிறது, எனக்கு அந்தத் தண்ணீர்தான். ஒவ்வொரு ஆத்துமாக்கள் திருநாளுக்கும் வின்சன்ற்றின் படகில் பூ கொண்டுபோகிறேன். கூடப் பிறந்த நீ ஒருநாளாவது வந்தாயா?

போய் நிறுத்து. அதுவரை இந்தப் பக்கம் வராதே.

சிசிலியா

பருத்தித்துறை முனை
ஒக்ரோபர் 20

அண்ணி,

மூன்று தரம் கடற்படைக் கந்தோரில் அதிகாரிகள் முன் போய் நின்றேன். "கையெழுத்து உங்கடைதானே?" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நேற்றுக் கப்பலை மூழ்கடித்தாயிற்று.

மறந்துவிட்டது என்று எழுதினேன். மறக்கப் பாடுபட்டேன் என்பதுதான் உண்மை. இதே கப்பல் அந்தக் கடலில் மூன்று நாள் வேலை செய்ததைப் பார்த்தவன் நான். நாலாம் நாள் அண்ணை கடலுக்குப் போக யோசித்துக்கொண்டு நின்றார். "எல்லாம் துப்புரவாக்கிப்போட்டாங்கள், பயப்படாமல் போங்கோ அண்ணை" என்று படகைத் தள்ளிவிட்டதும் நான்தான். பிறகு எங்கிருந்தோ கண்ணிவெடி ஒன்று மிதந்து வந்திருக்கிறது. எந்த முகத்தோடு உங்களுடன் வருவேன்? என்னை மன்னிப்பீங்களா அண்ணி?

ஜெறோம்

உடுவில்
நவம்பர் 3

தம்பி ஜெறோம்,

நேற்றுப் போனேன். அந்த இடத்தில் சிவப்பு மிதவை கட்டியிருக்கிறார்கள். சுழியோட வந்த பெண்ணொருத்தி, "பூ ஆருக்கம்மா?" என்று கேட்டாள். சொன்னேன். வாங்கிக்கொண்டு போய்க் கப்பலில் கட்டிவிட்டு வந்தாள். இத்தனை வருடமும் நான் போட்ட பூ மிதந்து கரைக்கே திரும்பி வரும். நேற்றுத்தான் அவரிடம் போய்ச் சேர்ந்தது. படகிலிருந்து குழறி அழுதேன்.

அதற்காக உன்னை மன்னித்தேன் என்று எழுதக் கை வரவில்லை. அன்று படகில் ஏறினது நானில்லையே. நீ அந்த மிதவையடிக்குப் போ. எனக்கு எழுதினதை அவருக்குச் சொல்லு. பிறகு இங்கே வா. உன்னைக் கண்டால் என்ன செய்வேனென்று எனக்கே தெரியாது. ஆனாலும் வா.

சிசிலியா அண்ணி