கோப்பை உடைக்காத அப்பா

என் ஆசை அக்கா,

நீ இல்லாத இரண்டாவது பனிக்காலம் இது. நான் அஹுன்ட்சிக்கில் அதே வீட்டில்தான் இருக்கிறேன். கீழ்வீட்டுக் கிரேக்க அம்மா படியில் என்னைக் கண்டால் உன் பெயரைச் சொல்லிச் சிலுவை அடையாளம் போடுகிறார். அவர் நமக்குத் தந்த பழைய வீடியோ கசெற்றும் பத்திரமாக இருக்கிறது.

அந்தக் கறுப்பு வெள்ளைக் காதல் படத்தை எத்தனை தரம் பார்த்திருப்போம்? கிரேக்கம் ஒரு சொல் தெரியாது. சத்தத்தை நிறுத்திவிட்டு, நாமே யாழ்ப்பாணத் தமிழில் கதைத்தோம். படகுக்காரப் பெடியனுக்கும் அவன் காதலிக்கும் நான் குரல், மீசைக்கார அப்பாவுக்கு நீ. மகளின் காதல் தெரிந்து அவர் கோப்பைகளைப் போட்டு உடைக்கும்போது, "எடியே, என்ரை மானத்தை வாங்கிப்போட்டியே!" என்று நீ கத்துவாய். உன் மகள் ஜெனி சோபாவில் உருண்டு உருண்டு சிரிப்பாள். கடைசியில் அதே அப்பா கலியாண வீட்டில் கைகளை விரித்து ஆடுவார். பொல்லாதவர் ஒருவருமே இல்லாத படம். அதில்தான் நாம் மயங்கிப்போனோம்.

இப்போது ஜெனிக்கும் ஒரு விருப்பம், அக்கா. கூடப் படிக்கிற கியூபெக் பெடியன். போன ஞாயிறு பூசை முடிந்து உங்கள் ரொக்ஸ்பரோ வீட்டுக்கு வந்ததும் அத்தானிடம் சொல்லிவிட்டாள். நானும் பக்கத்தில்தான் இருந்தேன். கோப்பை பறக்கப் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தான் தேத்தண்ணியை ஆறுதலாகக் குடித்து முடித்தார். "ஓம் பிள்ளை, பிறகு கதைப்பம்" என்றார். எழுந்துபோய்க் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

அவர் என்றைக்கு, அக்கா, கோப்பை கழுவினார்?

அன்றிலிருந்து அந்த வீட்டில் சத்தமே இல்லை. மன்னாரில் உன் மச்சாளுக்குச் சுகமில்லையாம், ஜெனியைப் பார்க்க ஆசைப்படுகிறாராம். அத்தான் சனிக்கிழமைக்குத் தங்கள் இரண்டு பேருக்கும் டிக்கெட் போட்டுவிட்டார். எனக்கு மனம் கேட்கவில்லை. மன்னாருக்குப் போன் எடுத்தேன். உன் மச்சாள் தெம்பாகத்தான் கதைத்தார். "பிள்ளைக்குக் கலியாணக் கூறையும் எடுத்தாச்சு. மாப்பிள்ளை வீட்டாரும் வந்திட்டுப் போயிட்டினம்" என்றார்.

ஜெனியிடம் சொன்னேன். நம்பவில்லை. "சும்மா பயப்பிடுத்தாதேங்கோ சித்தி. அப்பா நல்லா மாறிட்டார். படத்தில மாதிரி ஆடத்தான் போறார்."

நேற்றுப் பின்னேரம் அவளைக் கூப்பிட்டு அந்தப் படத்தைப் போட்டேன். படகுக்காரனுக்குக் கதைத்தேன். காதலிக்குக் கதைத்தேன். படத்து அப்பா வந்தபோது வாயை மூடிக்கொண்டேன். கோப்பைகள் சத்தமில்லாமல் உடைந்தன.

"ஏன் சித்தி, அப்பாவுக்குக் கதைக்கேல்லை?" சிரித்துக்கொண்டுதான் கேட்டாள்.

"உன்ரை அப்பா அந்தப் பெடியனைப் பற்றி இதுவரைக்கும் என்ன கதைச்சவர்?"

சிரிப்பு நின்றுவிட்டது. திரையில் அவர் ஆடத் தொடங்கியும் அவள் பார்க்கவில்லை. கடைசியில் மெதுவாகச் சொன்னாள். "சித்தி, என்ரை பாஸ்போர்ட்டை அவர் எடுத்து வைச்சிருக்கிறார்."

இப்போது என் அறையில்தான் இருக்கிறாள். சனிக்கிழமை அத்தான் வருவார். சிரித்த முகத்தோடு வருவார், அதற்குத்தான் பயப்படுகிறேன். அவர் கத்தட்டும் அக்கா. என்னிடமுள்ள நல்ல கோப்பைகளையே எடுத்துக் கொடுக்கிறேன், உடைக்கட்டும். கத்தினாலும் சரி, கத்தாவிட்டாலும் சரி, உன் பிள்ளையை அந்த விமானத்தில் ஏற விடமாட்டேன். இது சத்தியம்.

இனி உன் குரலுக்கும் சேர்த்துக் கதைக்கப்போகும்
உன் தங்கச்சி
றெஜினா