பதினைந்து அங்குலப் பெட்டி

என் கண்ணான மகளுக்கு, அம்மா எழுதுவது. இங்கே என் முழங்காலைத் தவிர எல்லாம் சுகம். நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன், நம்பத்தான் முடியும், நீதான் ஒரு மாதமாக ஃபோனை எடுப்பதில்லையே. உன் கோபம் நியாயம்தான். வேலை போய்விட்டது அப்பா என்று அழாத குறையாக நீ சொன்னதற்கு, ரொம்ப சந்தோஷம்மா, நல்லா இரு என்று சிரித்துவிட்டு ஃபோனை என்னிடம் நீட்டிய மனுஷனை என்ன செய்தாலும் தகும். நானும் அன்றிலிருந்து அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை, ஐயா சப்வூஃபருக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அது என்ன என்று தெரியாமல் கேட்டுவிட்டேன், அரை நாள் பாடம் நடந்தது. படத்தில் இடி இடித்தால், குண்டு வெடித்தால் அந்தக் கும் சத்தத்தை மட்டும் தனியாகக் கொடுக்கிற பெட்டியாம். இப்போதே டிவி சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரி வந்து கதவைத் தட்டுகிறாள், இதில் இன்னொரு பெட்டியா என்றேன். இப்போ வர்ற படத்துல எவனும் வாயைத் திறந்து பேசறதில்லை, முணுமுணுக்கறான், நல்ல பெட்டி இருந்தாத்தான் புரியும் என்றார். யோசனை சொல்ல அவருடைய அருமை நண்பர், அந்த ரேடியோ ரிப்பேர்க்காரர், நாம் ஆம்ப்ளி என்போமே, அவர்தான். நம் சாப்பாட்டு மேஜையில் நோட்டுப் போட்டு, எது எத்தனை வாட், மூடின பெட்டியா ஓட்டை வைத்த பெட்டியா என்று ஆறு மாதம் பரீட்சைக்குப் படிப்பது போலப் படித்தார்கள். கடைத்தெருவில் இருப்பதெல்லாம் தகர டப்பா என்று தீர்ப்புச் சொல்லி, கடல் தாண்டி ஒரு கம்பெனியில் பதினைந்து அங்குலத்தில் ஒன்றுக்கு ஆர்டர் கொடுத்தார்கள். டிவி அலமாரிக்குக் கீழே பதினைந்து அங்குலம் அளந்து தட்டையும் அறுத்து வைத்தார்கள்.

கப்பலில் ஆறு வாரம். பிறகு சுங்க ஆபீஸ்காரர்கள் இது என்ன சாமான் என்று மூன்று தடவை அலைய விட்டார்கள். போன வாரம் நாலு ஆள் தூக்கி வந்தார்கள், நம் வாஷிங் மிஷினை விடப் பெரிசு. பதினைந்து அங்குலம் என்பது உள்ளே இருக்கும் ஸ்பீக்கரின் அளவாம், பெட்டியின் அளவு இல்லையாம். ஆறு மாதம் படித்த இரண்டு மேதாவிகளுக்கும் இது தெரியவில்லை. ஒப்புக்கொண்டாரா, தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால், பெரிசா இருந்தா நல்லதுதானே என்கிறார். அலமாரியை நகர்த்தி, என் தையல் மிஷினை வராந்தாவுக்குத் துரத்தி, அந்தப் பெட்டியை நடுக்கூடத்தில் வைத்தார்கள்.

நேற்று மத்தியானம் ஆம்ப்ளி ஒயரை மாட்டிவிட்டுப் போனதும் படம் ஓடியது. சமையலறையில் தட்டெல்லாம் நடுங்கியது, திட்டலாம் என்று கரண்டியோடு போனேன். படத்தில் புருஷனும் பெண்டாட்டியும் வாயசைக்கிறார்கள், பேச்சே வரவில்லை, கும் கும் என்று பெட்டி மட்டும்தான். அலமாரியை நகர்த்தியபோது பிடுங்கிக்கொண்ட பழைய ஸ்பீக்கர் இரண்டின் ஒயரும் அப்படியே கிடக்கிறது, அதைத் திரும்ப மாட்ட ஆம்ப்ளி மறந்தே போயிருக்கிறார். உன் அப்பாவோ அரை மணி நேரமாக உட்கார்ந்து பார்த்திருக்கிறார், முகமெல்லாம் பூரிப்பு. வசனமெல்லாம் இப்போ எவ்வளவு சுத்தமா கேக்குது பாரு என்று என்னிடமே சொல்கிறார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. படத்தை நிறுத்திவிட்டுப் பின்னால் நின்று இரண்டு தடவை கூப்பிட்டேன், திரும்பவில்லை. காது போனதை ஒப்புக்கொள்ள வெட்கப்பட்டுக் கடல் தாண்டிப் பெட்டி வாங்குகிற கௌரவத்தை எந்தக் குப்பையில் கொட்டுவது. எதிரே நின்று பேசினால் வாயசைவைப் பார்த்துப் பதில் சொல்லி, மற்றபடி எதைச் சொன்னாலும் சிரித்துக்கொண்டே சந்தோஷம் என்று சமாளித்திருக்கிறார், கூடவே குடித்தனம் நடத்தும் நானும் அதை நம்பியிருக்கிறேன், என்னை விட மக்கு யார். அவர் காதருகில் குனிந்து, நீ அன்றைக்கு ஃபோனில் சொன்னதைக் கத்திச் சொன்னேன். கொஞ்ச நேரம் என் வாயையே பார்த்தார்.

"வேலை போயிடுச்சா? அதுக்கு நான் என்ன சொன்னேன்?"

சொன்னேன். அதற்குப் பிறகு சாப்பிட வரவில்லை.

திங்கட்கிழமை காது டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போகிறேன், வேண்டாம் என்று வாய் திறக்கவில்லை. உனக்கு இதை விட நல்ல வேலை அமையும், மனசைத் தளர விடாதே, எங்கள் இரண்டு பேரின் ஆசியும் உன் கூடவே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் ஃபோன் பண்ணு. முதலில் அவரிடம் பேசு. அன்றைக்குச் சொன்னதை ஆரம்பத்திலிருந்து சொல்லு, கத்திச் சொல்லு, உன் பக்கத்து வீட்டுக்கே கேட்டாலும் பரவாயில்லை.

என்றும் உன்,
அம்மா