தேய்பிறை வியாழன்

செம்மண்டலம், கடலூர்
9-6-2025

அன்புள்ள அருள்மொழி அண்ணிக்கு,

இந்த அகால நேரத்தில் எழுதுவதற்கு மன்னிக்கணும். பாப்பா இப்போதுதான் கண் அசந்தாள். போனில் பேசலாமென்றால் உங்க அம்மா ஸ்பீக்கரில் போடச் சொல்லிவிடுகிறார்கள். அதனால்தான் உங்கள் பள்ளிக்கூட விலாசத்துக்குக் கடிதம்.

பிரசவத்தில் எனக்கு வலிப்பு வந்ததும், மூன்று வருஷத்துக்கு அடுத்த பிள்ளை கூடாதென்று சிதம்பரம் டாக்டர் சொன்னதும் உங்களுக்குத் தெரியும். உங்க தம்பியிடம் கேட்டுத்தான் காப்பர்-டி போட்டார்கள். இப்போது அத்தைக்குத் தெரிந்துவிட்டது. "அந்தக் கம்பியாலதான் எம் பொண்ணு ரத்தமா கொட்டி, சாவக் கெடந்து பொழச்சா. ஒனக்கும் அது வேணுமாடி? பௌர்ணமி கழியட்டும், தேய்பிறையில கழட்டிப் போட்டுட்டு வந்துடலாம்" என்கிறார்கள். உங்க தம்பியோ, "அக்கா பட்டதப் பாத்தவங்க, உட்டுடேன்" என்று நழுவுகிறார்.

நான் மைக்ரோபயாலஜி படித்தவள்தான். ஆனாலும் அடிவயிறு லேசாக இழுத்தால்கூடப் பயம் வருகிறது. உங்களுக்கு உண்மையில் என்ன ஆனது அண்ணி?

அன்புடன்,
வெண்மதி

சிதம்பரம்
12-6-2025

அன்பு வெண்மதிக்கு,

பாப்பாவுக்கு என் முத்தம். பல் முளைத்துவிட்டதா?

அம்மா சொல்வதைக் கேள். என்னைப் போல ஆடாதே. எனக்கு அந்தக் கம்பி ஒத்துக்கொள்ளவில்லை. மாத்திரை வாங்கிப் போட்டேன். ராத்திரியெல்லாம் வலி. விடிவதற்குள் கட்டிகட்டியாகக் கரைந்து வெளியே வந்துவிட்டது. அவர் ஊரில் இல்லை. அவருக்கு இன்றுவரை ஒன்றும் தெரியாது. அம்மாதான் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினாங்க. இதற்கு மேல் கேட்காதே. கழட்டிவிடு.

அருள்மொழி

செம்மண்டலம்
16-6-2025

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எரித்துவிட்டேன். பயப்படாதீர்கள்.

காப்பர்-டி பிளாஸ்டிக்கும் செம்புக் கம்பியும். அது மாத்திரையில் கரையாது அண்ணி. மாத்திரை போட்டு அப்படி வெளியே வருவது கரு. அன்றைக்கு உங்களுக்கு என்ன நெருக்கடியோ, நான் கேட்கப்போவதில்லை. ஒருத்தரிடமும் சொல்ல முடியாமல் தனியாகக் கிடந்திருக்கிறீர்களே, அதுதான் மனசை அறுக்கிறது. உங்க தம்பியிடம்கூட மூச்சு விட மாட்டேன்.

அத்தை வியாழக்கிழமைக்கு மஞ்சக்குப்பத்தில் ஒரு கிளினிக்கில் சொல்லி வைத்துவிட்டார்கள். இன்று காலை செம்புச் சொம்பில் தண்ணீர் கொடுத்து, "குடி, செம்பு ஒடம்புக்கு நல்லது" என்றார்கள். "அப்ப உள்ள இருக்கிற செம்பு மட்டும் என்னா அத்த பண்ணுச்சு?" என்றேன். "வாய்க்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல" என்று முறைத்தார்கள். பிறகு பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டு, "அவ அன்னிக்குக் கெடந்த கெடப்பு இன்னும் கண்ணுலயே நிக்குதுடி" என்று அழுதார்கள். கெட்டவர்கள் இல்லை. உங்களுக்காகப் பட்ட பயம்தான் என்மேல் வந்து விடிகிறது.

முடியாது என்று நான் சொன்னால் திமிர். காரணத்தைச் சொன்னால் உங்கள் வீடு உடையும். சொல்ல மாட்டேன், கூப்பிட்டால் அந்தக் கிளினிக்கில் போய்ப் படுக்க வேண்டியதுதான். இன்னொரு பிரசவத்தில் பிழைப்பேனா தெரியாது. "எனக்கு ஆனது அந்தக் கம்பியால இல்லம்மா" என்று நீங்கள் ஒரு வரி சொன்னால் போதும். ஏனென்று கேட்டால் எதையாவது சொல்லிக்கொள்ளுங்கள்.

காலையில் இதை ஸ்பீடு போஸ்டில் சேர்க்கிறேன். திருப்பி எழுத நேரமிருக்காது. அத்தைக்கே போன் பண்ணுங்கள். ஸ்பீக்கரில்தான் போடுவார்கள். நான் பக்கத்திலேயே இருப்பேன்.

சீக்கிரம் பதில் சொல்லுங்கள் அண்ணி.

வெண்மதி