உங்கள் வலது கை விஷயமாக

அன்புள்ள ஜன்னல் கட்டில் அக்காவுக்கு,

ஆஸ்பத்திரியில் உங்களுக்கு அடுத்த கட்டிலில் கிடந்த தங்கச்சி வணக்கத்தோடு எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். போன மாதச் சோதனையில் எனக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பசி நன்றாக எடுக்கிறது, தூக்கம் அதைவிட நன்றாக வருகிறது. வீட்டுக்காரர் வழக்கம்போல டிவி ரிமோட்டைத் தேடிக்கொண்டிருக்கிறார், அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டு.

முதலில் என் பெருமையைக் கொட்டிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது எழுத ஓடாது. மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சிக் குழுவில் நோயாளிகள் பக்கம் பேச என்னைப் போட்டிருக்கிறார்கள் என்று சொன்னேன் அல்லவா? ஏன், டாக்டர்களுக்கு டீ கொடுக்கவா என்று சிரித்தீர்கள். டீயை அவர்கள்தான் எனக்குக் கொடுக்கிறார்கள்! மேசையில் என் பேர் எழுதிய அட்டை, பக்கத்தில் மைக். எந்த ஆராய்ச்சியை முதலில் எடுப்பது, அதற்கு வருகிற பெண்களுக்கு எத்தனை ஊசி குத்தலாம், எவ்வளவு தூரம் அலைய விடலாம், எல்லாவற்றுக்கும் எங்களையும் ஒரு வார்த்தை கேட்கிறார்கள். என்னோடு இருப்பது ஒரு பஸ் கண்டக்டர். அந்த அம்மாவும் நம்மைப்போல ஆபரேஷன் ஆனவள்தான்.

கூட்டத்துக்கு முன்னால் அனுப்புகிற காகிதமெல்லாம் இங்கிலீஷ். பேத்திதான் படித்துச் சொல்கிறாள். அஞ்சாம் கிளாஸோடு நின்ற என்னை உட்கார வைத்து, இப்போ நீ திருப்பிச் சொல்லு பாட்டி என்று பரீட்சை வேறு. தப்பாகச் சொன்னால் அன்றைக்கு சீரியல் கிடையாது. வீட்டில் எல்லோரும் அவளுக்கு அப்பா ஜாடை என்கிறார்கள். மூக்கு வேண்டுமானால் அவன் மூக்காக இருக்கட்டும், மூளை என்னுடையது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வரும் வருஷத்துக்கு ஒரே ஒரு ஆராய்ச்சிக்குத்தான் இடம். கட்டியை இன்னும் துல்லியமாகப் படம் எடுப்பது ஒன்று. ஆபரேஷனில் அக்குளில் இருக்கிற நிணநீர் முடிச்சுகளை எடுத்த பிறகு சிலருக்கு நீர் கோத்துக் கை வீங்கிப்போகிறதே, அதை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்துத் தடுக்க முடியுமா என்று பார்ப்பது இன்னொன்று. இரண்டாவதைச் சொன்னதும் எனக்கு உங்கள் முகம்தான் வந்தது.

பெரிய டாக்டர் நல்ல மனுஷர். செக்கப்புக்கு வருகிற ஒவ்வொருத்தரையும் கை எப்படிம்மா இருக்கு என்று கேட்கத்தான் கேட்கிறேன், முக்கால்வாசிப் பேர் நல்லா இருக்கு என்கிறார்கள், நான் எதை வைத்து இதுதான் அவசரம் என்று சொல்வது என்றார். அவரைக் குற்றம் சொல்ல முடியுமா? நீங்களும் அதைத்தானே சொன்னீர்கள்? நான் பக்கத்தில்தான் நின்றேன். சட்டைக் கையை மணிக்கட்டு வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு, ரொம்ப நல்லா இருக்கு டாக்டர் என்று சிரித்தீர்கள். வெளியே வந்து லிஃப்ட் பட்டனை இடது கையால் அழுத்தினீர்கள்.

கண்டக்டர் அம்மா சில்லறை பாக்கி கேட்பதுபோலப் பிடித்துக்கொண்டாள். கை எப்படி இருக்குன்னு கேட்டா அப்படித்தான் சார் சொல்லுவோம், வீட்டுல எந்த வேலையை விட்டுட்டீங்கன்னு கேட்டுப் பாருங்க என்றாள். டாக்டர் கோபப்படவில்லை. கேட்கிறேன்மா, ஆனா அதைச் சொல்ல ஒருத்தராவது முன்னால் வரணுமே என்றார். கண்டக்டர் அம்மாவுக்குக் கை வீங்கவில்லை, அதனால் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சர்க்கரை போடாத டீயைக் கலக்கிக்கொண்டே இருந்தேன். நாம் இருவரும் ஒட்டிக்கொண்டு திரிந்தது ஆஸ்பத்திரிக்கே தெரியும். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தங்க என்று வாயைத் திறந்தாலே அது நீங்கள்தான் என்று புரிந்துவிடும். கை வீங்கியிருப்பதை யாரிடமும் மூச்சு விடமாட்டேன் என்று உங்களிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன். மாசக் கடைசியில் முடிவு செய்யலாம் என்று தள்ளி வைத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து சீரியல்கூடப் போடவில்லை. பாட்டிக்குக் காய்ச்சலா என்று பேத்தி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

இன்னொன்று. கோள் சொல்கிறேன் என்று நினைக்கக் கூடாது. உங்கள் மருமகள் எனக்குப் போன் செய்தாள். அத்தை பாப்பாவைத் தூக்கறதே இல்லைம்மா, நான் நீட்டினா அடுப்பில் வேலை இருக்குன்னு எழுந்து போயிடறாங்க, பெண்ணாப் பிறந்துடுச்சுன்னு மனசுல குறையா என்று கேட்டாள். கேட்டுவிட்டு அழுதாள் அக்கா. அவங்க அப்படிப்பட்ட ஆள் இல்லைம்மா என்றேன். அதற்கு மேல் என்ன சொல்ல? பிடி நழுவிக் குழந்தையைக் கீழே விட்டுவிடுவோமோ என்று நீங்கள் நடுங்குவது எனக்கு மட்டும்தானே தெரியும்.

பிள்ளைக்குப் பாரமாகக் கூடாது என்று மறைக்கிறீர்கள். புரிகிறது. கூட்டத்தில் சொல்ல அனுமதி கொடுங்கள் என்று கேட்கத்தான் உட்கார்ந்தேன். நீங்களே வந்து பேசினால் இன்னும் நல்லது. என் வீட்டிலேயே தங்கலாம், அப்படியே கையையும் டாக்டரிடம் காட்டிவிடலாம். அதற்கு மனசு வராவிட்டால் வேண்டாம். நான் வாயைத் திறக்கமாட்டேன், ஆராய்ச்சி கை நழுவிப் போனாலும் உங்கள்மேல் வருத்தப்படமாட்டேன்.

ஆனால் இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் மருமகளைக் கூப்பிட்டு, சட்டைக் கையை மேலே ஏற்றிக் காட்டுங்கள். கதவை வேண்டுமானால் சாத்திக்கொள்ளுங்கள். அப்புறம் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்காருங்கள். பாப்பாவை அவளே கொண்டுவந்து வைப்பாள். மடிக்கு ஒன்றும் ஆகவில்லையே அக்கா.

பாப்பா நோய்நொடி இல்லாமல் வளர என் ஆசிகள்.

உங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கும்,
தங்கச்சி