ஜாடிக்குக் காவல்

அக்டோபர் 3

காலையில் காபி குடிப்பதற்கு முன்பே மாமா கேட்டார்: "மாப்ள, ஜாடியப் பாத்தியா?" நல்லா இருக்கியா என்று என்னைக் கேட்டு இரண்டு வருஷம் இருக்கும். ஜாடியை மட்டும் ஒரு நாள் தவறாமல் விசாரிக்கிறார்.

பார்த்தேன். நிலவறையில், மேல் தட்டில், வாயில் துணி கட்டிய கண்ணாடி ஜாடி. உள்ளே, போன தடவை காய்ச்சிய பீரின் அடிமண்டி, ஈரமாக, பழுப்பாக. அதுதான் வீட்டு ஈஸ்ட். ஐந்து வாரத்துக்கு ஒருமுறை பீர் காய்ச்சி, அதில் இதைப் போட்டு, புதிதாகப் பெருகியதை மறுபடி ஜாடியில் எடுத்து வைக்க வேண்டும். விட்டால் செத்துவிடும். மாமாவின் தாத்தா காலத்திலிருந்து ஒரு தடவைகூட அறுபடாமல் வருகிறது என்பது அவர் பெருமை. போன வருஷம் வாதம் வந்து அவருடைய வலது கை விழுந்ததிலிருந்து காய்ச்சுவது நான்.

பத்து வருஷம் கப்பலில் இன்ஜின் பார்த்தவன். இப்போது வீட்டோடு மாப்பிள்ளை, ஜாடி பார்க்கிறேன்.

அக்டோபர் 11

வடகோடியில் இருக்கும் ட்ரோம்சோவிலிருந்து கடிதம். கார் ஏற்றும் படகில் தலைமை இன்ஜினியர் வேலை, ஜனவரியில் சேர வேண்டும். பதில் நவம்பர் முப்பதுக்குள். மூன்று தடவை படித்தேன். மனைவி இங்குன் என் தோளுக்கு மேல் எட்டிப் படித்தாள். அவள் நர்ஸ், எந்த ஊரிலும் வேலை கிடைக்கும்.

"நான் நாளைக்கே பொட்டி கட்டுவேன்," என்றாள். "அப்பாகிட்ட நீயே சொல்லிடு. நான் ஆரம்பிச்சா அழுதுடுவேன்."

கணக்காக யோசித்தால் இங்கே எங்களுக்கு என்ன வேலை? ஆடுகளை விற்றாச்சு. வயல் குத்தகையில். மாமாவைக் கவனிக்க ஊராட்சியிலிருந்து ஒரு பெண் காலையும் மாலையும் வருகிறாள். கட்டிப் போட்டிருப்பது ஜாடி ஒன்றுதான்.

அக்டோபர் 12

சொன்னேன். மாமா உருளைக்கிழங்கைத் தோலுரித்துக்கொண்டே இருந்தார், இடது கையால்.

"போ. யாரு வேணாம்னா? ஜாடிய யாரு பாத்துக்குவான்னு மட்டும் சொல்லிட்டுப் போ."

காயவைக்கலாம் என்றேன். தாளில் மெலிதாகப் பூசி உலர்த்தி, ஃப்ரீசரில் போட்டால் வருஷக்கணக்கில் தூங்கும். வேண்டும்போது வெதுவெதுப்பான பார்லிச் சாற்றில் தூவினால் எழுந்துகொள்ளும்.

"காயவெச்சதா? கடைப் பொட்டலம் வாங்குறவன் பேசுற பேச்சு இது. ஈரம் இருக்கிற வரைக்கும்தான் உசுரு. காயப்போடுறதெல்லாம் மேல் வீட்டுக்காரி பண்ற வேலை."

மேல் வீட்டுக்காரி என்றால் மேட்டில் பக்கத்து வீட்டு ஆஸ்லாக் அத்தை. முப்பத்து மூன்று வருஷமாக இருவருக்கும் பேச்சு இல்லை. வேலியோரம் விழுந்த ஒரு காட்டு மானை யார் சுட்டது என்று தகராறு. மானைத் தின்றவர்களில் பாதிப் பேர் இப்போது உயிரோடு இல்லை.

அக்டோபர் 13

நான் இந்த வீட்டு மருமகனா, ஜாடியின் மூடியா?

அக்டோபர் 19

காய்ச்சினேன். ஜூனிப்பர் என்ற ஊசியிலைச் செடியின் கொப்பு கொதித்த வாசனை சட்டையை விட்டுப் போகவில்லை. சாறு உடம்புச் சூட்டுக்கு வந்ததும் ஈஸ்டை ஊற்றி, ஊற்றும்போதே கத்த வேண்டும். இந்தப் பக்கத்து முறை அது. எவ்வளவு பெரிதாகக் கத்துகிறோமோ அவ்வளவு பீர் பொங்குமாம். எனக்குக் கூச்சம். ஏதோ தொண்டையைச் செருமினேன்.

"கன்னுக்குட்டிகூட இதவிட நல்லா கத்தும்," என்றார் மாமா, நாற்காலியிலிருந்து.

அக்டோபர் 25

மாமா தூங்கும் மதியத்தில் நிலவறைக்குப் போய் ஜாடியில் பாதியைத் திருடினேன். ஆமாம், திருடினேன், வேறு என்ன சொல்ல? மாடிப்படியில் கைத்தடிச் சத்தம் கேட்டதும் ஜாடியை அப்படியே விட்டுவிட்டு, எடுத்த பாதியோடு ஓடிவந்தேன். முப்பத்தெட்டு வயசில் ஜாம் திருடுகிற பிள்ளை மாதிரி.

தாளில் பூசி ஓவனுக்குள் வைத்திருக்கிறேன். விளக்கு மட்டும் எரிகிறது. அந்தச் சூடு போதும். நாளை சாயங்காலத்துக்குள் அப்பளம் மாதிரி உடையும். அதை மாமா கண்முன் ஒரு கிண்ணம் சாற்றில் போட்டுப் பொங்கவைத்துக் காட்டுவேன். அப்புறம் என்ன சொல்வார்?

அக்டோபர் 26

இன்று சனிக்கிழமை என்பதை மறந்துபோனேன். சனிக்கிழமை பீட்ஸா. இங்குன் வழக்கம்போல ஓவனை இருநூற்றி இருபதில் திருகிவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள்.

வீடு முழுக்கக் கருகிய ரொட்டி வாசனை. "என்னத்தடி தீச்ச?" என்றார் மாமா. அவள் என்னைப் பார்த்தாள். நான் தாளைச் சுருட்டி அடுப்பில் போட்டேன். பீட்ஸா தின்றோம். எனக்கு இறங்கவில்லை.

நவம்பர் 9

மழை. ஜாடியைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. பார்த்தேன் என்று பொய் சொல்லிவருகிறேன்.

நவம்பர் 22

நாளை கிறிஸ்துமஸ் பீர் காய்ச்ச வேண்டும். ஜாடியை எடுக்கப் போனேன். துணி கட்டப்படாமல் பக்கத்தில் கிடந்தது. அன்றைக்கு ஓடினவன் கட்டவே இல்லை. நான்கு வாரம் திறந்தே கிடந்திருக்கிறது. முகர்ந்தேன். காடி. மூக்கை அறுக்கிற காடி.

செத்துவிட்டது. தாத்தா காலத்து ஈஸ்டைக் கொன்றவன் நான். அப்படியானால் எனக்கு விடுதலைதானே? பிறகு ஏன் இன்னொரு தடவை முகர்ந்து பார்க்கிறேன்? அந்தக் கிழவன் முகத்தில எப்படி முழிப்பேன் — இன்ஜினியராம், ஒரு துணி கட்டத் தெரியல!

பெர்கனில் வாங்கிய கடைப் பொட்டலம் ஒன்று என் பையில் இருக்கிறது. போட்டாலும் பீர் வரும். ஆனால் எங்கள் பீரில் ஆரஞ்சுத் தோல் வாசனை இருக்கும். மாமாவுக்குக் கைதான் போயிற்று, மூக்கு போகவில்லை.

ஜாடியைக் கழுவி, காலியாகக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு மேல் வீட்டுக்கு ஏறினேன்.

ஆஸ்லாக் அத்தை என் கோட்டின் புடைப்பைத்தான் முதலில் பார்த்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் ஃப்ரீசரைத் திறந்துவிட்டாள். வருஷம் எழுதிய காகித உறைகள், வரிசையாக. எல்லாம் காய்ந்த ஈஸ்ட்.

"போய்ச் சேர்ந்த உன் மாமியா பிரிட்டாவும் இப்படித்தான் வந்தா. கோட்டுக்குள்ள ஜாடிய ஒளிச்சுக்கிட்டு. மான் சண்டைக்கு அடுத்த வருஷம். பீப்பா ஆறுறதுக்குள்ள ஈஸ்ட ஊத்திட்டா, மொத்தமும் வெந்துபோச்சு. வீட்ல சொல்லாதீங்கக்கான்னு ஒரே அழுகை."

நான் ஜாடியைப் பார்த்தேன். "அப்ப எங்க ஜாடியில இருந்தது?"

"என்னோடதுதான். காஞ்சது." உறையை நீட்டினாள். "ஒண்ணு சொல்றேன் கேளு. நாளைக்கு நீ கத்துறது என் வீட்டுக்குக் கேக்கணும். போன தடவ ஒண்ணுமே கேக்கல."

நவம்பர் 23

மாமா மதியத் தூக்கத்துக்கு உள்ளே போன நேரத்தில், ஒரு சின்னச் செம்பு சாற்றில் உறையைக் கொட்டினேன். பொடிப்பொடியாக மிதந்தது. அரை மணியில் அசைந்தது. ஒரு மணியில் செம்பை மீறி நுரை. அதை ஜாடிக்கு மாற்றினேன். மாமா திரும்பி வந்தபோது கையில் வழக்கமான ஈர ஈஸ்ட்.

பீப்பாயில் ஊற்றினேன். கத்த வாயைத் திறந்தேன். என்ன வந்ததென்று எனக்கே தெரியாது. இரண்டு வருஷம் உள்ளே கிடந்தது எல்லாம் சேர்ந்து வந்தது. ஜாடி, நிலவறை, கன்றுக்குட்டி, வராத கப்பல், எல்லாம். மூச்சு முடிகிறவரை கத்தினேன். கொட்டகைக் கூரையில் இருந்த பறவைகள் பறந்துபோயின. இங்குன் கையில் துடைப்பத்தோடு ஓடிவந்தாள்.

மாமா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கண்ணில் நீர்.

நவம்பர் 25

பீப்பாய் திறக்கிற நாள். யாரையும் கூப்பிடுவதில்லை. காய்ச்சினது தெரிந்தவர்கள் தானாக வந்து ருசி பார்ப்பார்கள். நாலைந்து பேர் வந்தார்கள். கடைசியாக ஆஸ்லாக் அத்தை.

கொட்டகையில் எல்லோரும் வாசல் பக்கம் திரும்பினார்கள். "சத்தம் கேட்டுச்சு, வந்தேன்," என்று சொல்லிக் கிண்ணத்தை நீட்டினாள். நான் ஊற்றினேன்.

மாமா தன் கிண்ணத்தை முகர்ந்தார். குடித்தார். மறுபடி முகர்ந்தார். 

"ஆஸ்லாக்," என்றார். முப்பத்து மூன்று வருஷத்துக்குப் பிறகு அந்தப் பெயர். "பிரிட்டா உன்கிட்ட வந்தது எந்த வருஷம்?"

"தொண்ணூத்திரெண்டு."

"அதான். அதுக்கு முன்னாடி எங்க பீர்ல ஆரஞ்சு வாசனையே கிடையாது. உன் பீர்லதான் இருக்கும்."

"தெரிஞ்சுக்கிட்டே இத்தன வருஷம் வாயத் திறக்கல?"

"திறந்தா உனக்கு நன்றி சொல்லணுமே."

அத்தை சிரித்தாள். மாமா சிரிக்கவில்லை. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஜாடி எப்ப போச்சு?"

துணி கட்டாமல் விட்டதைச் சொன்னேன். ஓவனையும் சொன்னேன், எல்லோர் முன்னாலும். திட்டுவார் என்று நின்றேன். அவர் என்னிடம் காலிக் கிண்ணத்தை நீட்டினார். ஊற்றினேன்.

நவம்பர் 29

"பதில் போட்டுட்டியா?" என்று அவரேதான் கேட்டார். இன்று அனுப்பினேன். வருகிறேன் என்று.

ஜனவரி 19, ட்ரோம்சோ

படகு பழுது, ஓய்வு நாள். வெளியே ஒரே பனி. மாமா போன் பண்ணினார்.

"மாப்ள, இந்த ஓவன்ல வெளக்க மட்டும் எப்படிப் போடுறது?"

சொன்னேன். பின்னால் ஆஸ்லாக் அத்தையின் குரல், மாமாவைப் பெயர் சொல்லி: "கனமாப் பூசாத சியூர், மெலிசா. எத்தன வாட்டி சொல்றது?"

"ஒரு உறை உனக்கு அனுப்புறேன்," என்றார். "அவசரமில்ல. எப்ப தோணுதோ அப்ப காய்ச்சு."

சரி மாமா என்றேன். போனை வைத்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். 

"நீ நல்லா இருக்கியா?" என்றார்.