அப்பாவின் பேட்டியில் நான் பேசியது

அன்புள்ள சின்னவளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். இங்கே நான் சுகம், என் வாய் அதைவிடச் சுகம். அப்பாவுக்கு இருபத்தாறாம் தேதி தொண்டையில் ஆபரேஷன் என்று போனில் சொன்னேன் அல்லவா, அதில் பாதியைத்தான் சொன்னேன். உயிருக்குப் பயமில்லை, குரல் திரும்புவதுதான் சந்தேகம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால்தான் கடிதம். எனக்கு வாய் வராத விஷயமும் உலகத்தில் உண்டு என்று குறித்து வைத்துக்கொள்.

நம் ஊர் அருங்காட்சியகத்துக்கு நான் வாரம் மூன்று நாள் போவது உனக்குத் தெரியும். ஊர்க்காரர்கள் கொண்டுவந்து கொடுக்கும் பழைய போட்டோ, ரசீது, சைக்கிள் விளக்கு எல்லாவற்றுக்கும் நம்பர் போடுகிற வேலை, பென்சிலால்தான் எழுத வேண்டும், பேனாவைத் தொடக்கூடாது. அங்கே அலமாரிக்குப் பின்னால் என் உயரத்துக்கு ஒரு கம்பி சாய்ந்து கிடந்தது, அட்டையில் "இரும்புக் கருவி, பயன் தெரியவில்லை" என்று எழுதியிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது அப்பா முப்பத்தொரு வருஷம் ஊர்க் குடிதண்ணீர் பம்ப் ஹவுஸில் வால்வு திறந்த சாவி. அதைப் பிடித்து வேலை பார்த்தவர்களில் இன்று மிச்சம் இருப்பது அவர் ஒருத்தர்தான். ஆவணப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் பெண் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ஆபரேஷனுக்கு முன்னாடி அவர் குரல்லயே பதிவு பண்ணிடலாம்மா" என்றாள். பேட்டி எடுப்பது நான்தான் என்று முந்திரிக்கொட்டை மாதிரி முன்னால் போய் நின்றேன்.

நாற்பது நிமிடம் பதிவு. இரண்டு நாள் கழித்து அவள் அதைத் தட்டச்சு செய்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு பதினோரு பக்கத்தை என் கையில் கொடுத்தாள். அப்பா பேசியதற்கு மட்டும் அடிக்கோடு போட்டிருந்தாள். ஒன்பது "ம்", நாலு "ஆமா", ஒரு "கொஞ்சம் இரு", ஒரு "மூணு நாள்". மீதியெல்லாம் நான். சாவியை எந்தப் பக்கம் திருப்புவது என்று நானே கேட்டு நானே பதில் சொல்லியிருக்கிறேன், அதுவும் தப்பாக. வெள்ளம் வந்த வருஷம் பம்ப் ஹவுஸிலேயே தங்கிய கதையை அவர் "மூணு நாள்" என்று ஆரம்பித்ததும், நாலு நாள் என்று திருத்தி, பால்காரர் வராதது, நீ காய்ச்சலில் கிடந்தது, ஜன்னல் கதவு பிய்த்துக்கொண்டு போனது என்று ஆறு பக்கம் ஓட்டியிருக்கிறேன். படிக்கிறவர்கள் ஊருக்கே தண்ணீர் விட்டது நான்தான் என்று நினைப்பார்கள். அழித்துவிடும்மா என்று கெஞ்சினேன், பதிவானதை அழிக்கிற வழக்கம் இங்கே இல்லை என்று நம்பர் போட்டு இன்னொரு பிரதியை உள்ளே வைத்துவிட்டாள். வீட்டுக்கு வந்து, என் பிரதியை அவர் படித்து முடித்ததும், ஏன் என்னை நிறுத்தவில்லை என்று அப்பாவிடம் சண்டைக்குப் போனேன். "நிறுத்தினேனே, அஞ்சாம் பக்கத்துல பாரு" என்றார். பார்த்தேன், "கொஞ்சம் இரு" அங்கேதான் இருந்தது. அப்புறம்தான் பயம் பிடித்தது. அவருக்குக் குரல் இருக்கப்போவது இன்னும் சில நாள், அதில் நாற்பது நிமிடத்தை நானே பேசித் தீர்த்திருக்கிறேன்.

நேற்று மறுபடி பதிவு. இந்தத் தடவை அந்தப் பெண்ணே கேட்டாள். என்னைப் பக்கத்து அறையில் ஒரு பெட்டி போட்டோவோடு உட்காரவைத்து ஹெட்போனை மாட்டிவிட்டாள், நான் கேட்கலாம், பேசினால் அங்கே போகாது. அப்பா நடுநடுவே தண்ணீர் குடித்துக்கொண்டு கரகரத்த குரலில் சாவியைப் பற்றிச் சொன்னார், குழாயில் காதை வைத்தே தண்ணீர் எந்தத் தெருவரைக்கும் போயிருக்கிறது என்று கண்டுபிடிப்பாராம், இத்தனை வருஷம் கூட இருந்த எனக்கு இது தெரியாது. வெள்ளத்துக்கு வந்ததும் "நாலு நாள்" என்றார், நான் கேட்கிறேன் என்று தெரிந்தேதான். பிறகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நாலாவது நாள் வீட்டுக்கு வந்தேன். கனவா நிஜமான்னே தெரியல. கதவைத் திறந்ததும் அவ திட்ட ஆரம்பிச்சா. அப்பதான் பொழைச்சுட்டேன்னு தெரிஞ்சுது." சின்னவளே, அதற்கப்புறம் எந்தப் போட்டோவுக்குப் பின்னால் என்ன நம்பர் எழுதினேன் என்று எனக்கே தெரியாது, கண்ணீர் மறைத்துவிட்டது. நாளைக்குப் போய் எல்லாவற்றையும் அழித்து எழுத வேண்டும். நல்லவேளை, பென்சில்.

ஆபரேஷனுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலையில் கட்டாயம் போன் செய். மணி அடித்ததும் எடுத்து நேராக அப்பா கையில் கொடுத்துவிட்டு வெளியே போய்விடுவேன். குளிருக்குப் போர்த்திக்கொள், வேளாவேளைக்குச் சாப்பிடு என்பதையெல்லாம் இங்கேயே எழுதிவிட்டேன். அவர் மெதுவாகத்தான் பேசுவார், நடுவில் நிறுத்துவார், என் புத்தி உனக்கும் கொஞ்சம் உண்டு, குறுக்கே பேசாதே. அதற்கப்புறம் இரண்டு பேருக்கும் சேர்த்து நான்தான் பேசியாக வேண்டும், பழக்கத்துக்குக் குறைவில்லை. நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா

கீழே அப்பாவுக்கு இடம் விட்டிருக்கிறேன். அவர் எழுத வேண்டியதை இந்தத் தடவை நான் எழுதப் போவதில்லை.